ஏட்டுச்சுவடியும் எண்ணிமத் தட்டும்: எழுதுமுறைச் சோதனை பற்றிய ஒரு விளக்கம்

வெருகல் என்றதும் தமிழிலக்கிய மாணவனின் நினைவுக்கு வருவது தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய சித்திரவேலாயுதர் காதலாகும். இத்தகைய நூல்களைத் தந்த கரையோரத்தையே 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியது. 2006இல் போர் அங்கிருந்தோரை வாகரைப் பக்கமாக விரட்டியது. இடம்பெயர்வோர் தலையிற் சுமக்கும் மூட்டையில் ஏட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஒற்றைப் பிரதியின் அவலத்தை உணர்ந்தோம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி அவ்வுணர்விற்குச் செயல்வடிவம் தந்தது எனலாம்.

ஆயின் எண்ணிமம் என்றதும் அதனைச் சடப்பொருளுக்கு அப்பாற்பட்டதாகக் கருதும் கருத்துமுதல்வாத மயக்கம் நம்மிடையே உண்டு. வருடியிலிருந்து வரும் பக்கம் இறுதியில் ஒரு தட்டிலேயே பதிகின்றது. அத்தட்டு எவ்வகை எழுத்துச் சுமையைத் தாங்கும் என்பதைச் சோதித்தறிதல் பதிப்பாசிரியனின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது லினக்ஸ் அறிஞர் யென்ஸ் அக்ஸ்போ ஆக்கிய ஃபியோ என்னும் கட்டற்ற மென்பொருள். விற்பனை விளம்பரங்களில் வரும் வேக எண்கள் பெரும்பாலும் 4 கிலோபைற் அளவிலான சிதறல் எழுத்தையோ நீண்ட தொடர் எழுத்தையோ தனித்தனியே அளந்து பெற்றவை. ஒரு குறிப்பிட்ட உழைப்பின் இயல்பை அவை காட்டா. சுவடிக்கூடத்தின் உழைப்பு வேறு. ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்திற்கு 400 புள்ளி வீதம் முழு வண்ணத்தில், சுருக்காது வருடினால் ஏறத்தாழ 46 மெகாபைற் வரும். அது தொடராக எழுதப்படும். அதே வேளையில் நூற்பட்டியலின் தரவுத்தளத்திலே சிறு சிறு பதிவுகள் சிதறலாக விழும்.

இரண்டையும் ஒரே கட்டளையில் விழுக்காட்டுக் கலவையாகக் கொடுக்கலாமே எனத் தோன்றும். அதற்குரிய பி.எஸ்.ஸ்பிளிற் என்னும் அமைப்பும் உண்டு. ஆனால் அவ்விழுக்காடு எழுத்துகளின் எண்ணிக்கையையே குறிக்கும், கொள்ளளவை அன்று. 4 கிலோபைற்றுக்குப் பாதி, 1 மெகாபைற்றுக்குப் பாதி எனக் கொடுத்தால் சிறியவற்றின் கொள்ளளவு நூற்றுக்கு அரைப் பங்குகூட வராது. சராசரிகள் சமூக ஆய்விலே செய்யும் அதே மாயத்தை இங்கும் செய்கின்றன.

ஆதலால் இரு பணிகளாகப் பிரித்தலே தகும். முதற்பணிக்குத் தொடர் எழுத்து, 1 மெகாபைற் துண்டு. இரண்டாவதற்குச் சிதறல் எழுத்து, 4 கிலோபைற் துண்டு, ஒவ்வொரு எழுத்தின் பின்னும் எஃப்.டேற்றாசிங்க் என்னும் உறுதிப்பாடு. இடையே ஸ்ரோன்வோல் என்னும் தடையை இடாவிடின் இரண்டும் ஒருங்கே நடைபெறும். முதற்பணியில் டைரெக்ற் என்பதை 1 ஆக வைத்தால், இயங்குதளம் நினைவகத்தில் தேக்கிவைத்துக் காட்டும் பொய்வேகம் நீங்கும்.

மிக முக்கியமானது திங்க்ரைம் என்னும் இடைவேளை. பக்கத்தைப் புரட்டும் கையின் நேரம் அது. கணக்கு நுண்செக்கனில் அமைவதால் 20 செக்கனுக்கு 2 கோடி எனக் கொடுக்கவேண்டும். 45 துண்டுகளுக்கு ஒருமுறை இடைவேளை வருமாறு அமைத்தால் ஏறக்குறைய ஒரு பக்கம் ஆகும். உழைப்பாளியை நீக்கிவிட்டு நடத்தும் சோதனை, இரவுபகலாக இயங்கும் தரவு மையமொன்றையே சுவடிக்கூடமாகப் பாவிக்கின்றது. (விலையுயர்ந்த தட்டை வாங்கும்படி நம்மைத் தூண்டுவதும் அத்தகைய சோதனைதான்.)

திண்மநிலைத் தட்டுகள் பலவற்றில் முதலில் நிரம்பும் விரைவுப் பகுதியொன்று உண்டு. அது தீர்ந்ததும் வேகம் சரியும். எனவே சில நிமிடச் சோதனை போதாது. முடிவிலும் சராசரித் தாமதத்தை விடுத்து, நூற்றில் 99 எழுத்துகள் எவ்வளவு நேரத்துள் முடிந்தன என்பதையே நோக்கவேண்டும். வெரிஃபை என்பதை இயக்கினால் எழுதியதைக் கருவி மீண்டும் வாசித்து ஒப்பிடும். பாடபேதம் பார்ப்பதற்கு ஒப்பான செயல் அது.

ஒன்று கூறவேண்டும். கோப்பின் பெயருக்குப் பதிலாகத் தட்டின் பெயரையே கொடுத்தால் கருவி அதன்மேலேயே எழுதிச் செல்லும், முன்பிருந்தவை அழிந்துபோம். படியெடுத்த சுவடி எதுவும் இல்லாத வெறுந்தட்டிலேயே சோதனையை நடத்துக.