முன்வாசல் பந்தல்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆர்வத்தோடு செடிகளை நடுகிறோம். அடுத்த ஜூனில் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள மழைமறைவுப் பகுதிகள். தென்மேற்குப் பருவத்தில் இங்கே பெரும்பாலும் சாரல்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் மண்ணை ஆழமாக நனைக்கிறது. ஆகவே, முன்வாசல் தோட்டத்தை மே மாத வெயிலை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் இடையே நந்தவனம் இருக்கிறது. பெரியாழ்வார் அங்கே துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது மரபு. நந்தவனம் என்பது அழகுக்காக மட்டும் வைப்பதல்ல; மாலைக்குப் பூவும் துளசியும் தரும் இடம். அன்றாடம் பறிப்பவர் இருந்தால், அன்றாடம் கவனிப்பவரும் இருப்பார். பள்ளித் தோட்டத்துக்கும் இதுவே விதி: ஒவ்வொரு செடிக்கும் ஒரு பயன் இருக்க வேண்டும்.

முதலில் வெயிலை அளப்போம். முன்வாசலில் ஒரு குச்சியை நட்டு, காலை 10, நண்பகல் 12, பிற்பகல் 3 மணிக்கு அதன் நிழலை மாணவர்கள் கோடிட்டு அளக்கட்டும். மேற்கு பார்த்த தாழ்வாரத்தில் பிற்பகல் வெயில் நேராக விழும். பந்தலுக்கு அதுவே சரியான இடம். எட்டடிச் சவுக்குக் கம்புகளை ஒன்றரை அடி ஆழம் ஊன்றினால் ஆறரை அடி உயரம் கிடைக்கும். ஆசிரியர் தலையும் இடிக்காது. மேலே குறுக்குக் கம்புகளை வைத்துத் தென்னைக் கயிற்றால் கட்டலாம். பிள்ளைகளின் கண் உயரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அமைத்தால் சுவரில் ஈரமும் எறும்பும் ஏறாது.

பந்தலில் ஏற்ற அவரையே எனது முதல் தேர்வு. ஆடியில் விதைத்தால் பகல் பொழுது குறையும் பனிக்காலத்தில் பூத்துக் காய்க்கும். ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது கொடியும் ஓய்ந்துவிடும். மே மாதம் அதற்குத் தண்ணீர் தேட வேண்டியதில்லை. முற்றிய நெற்றுகளிலிருந்து ஐந்தாம் வகுப்பினர் விதை எடுத்து, நான்காம் வகுப்பினரிடம் ஒப்படைத்துச் செல்கிறார்கள். எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம்.

நிலையான செடிகளை ஐப்பசி மழையோடு நடலாம். நடைபாதை ஓரத்துக்கு மருதாணி வேலி ஏற்றது. வறட்சியைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். அரளி, ஊமத்தை, குன்றிமணி மூன்றும் நச்சுத்தன்மை உடையவை, பள்ளிக்குள் வேண்டாம்.

தண்ணீருக்குப் புதிய குழாய் தேவையில்லை. மதிய உணவுக்குக் கை கழுவ ஒரு பிள்ளை அரை லிட்டர் செலவழித்தால், 100 பேருக்கு 50 லிட்டர். அதை வாய்க்கால் வெட்டிப் பந்தலடிக்குத் திருப்பிவிடலாம். சோப்பு நீர் சேரும் பாத்திரம் கழுவும் இடத்தில் கல்வாழை நடலாம்.

பந்தலே பாடமும் ஆகும். அவரையும் சங்குப்பூவும் தண்டாலேயே சுற்றி ஏறும் பின்னுகொடிகள். பாகலும் பீர்க்கும் பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுபவை. இரண்டையும் அருகருகே வைத்தால் மாணவர்கள் வேறுபாட்டைத் தொட்டே அறிவார்கள். நீலச் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா நிறமாகும்; சமையல் சோடாக் கரைசல் விட்டால் பச்சை கலந்த நீலமாகும். அமிலம், காரம் கற்பிக்க இதைவிட மலிவான நிறங்காட்டி உண்டா?

முதல் குழி தோண்டும் முன் சுற்றுச்சூழல் மன்றப் பதிவேட்டில் ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: மே மாதம் யார், எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவார்? எழுதிய பெயர்களுக்கு எத்தனை செடிகள் தாங்குமோ, அத்தனை மட்டும் நடுங்கள்.