புகை போய் ஆவி வந்த கதை

சிகரெட்டை விட்டவர்கள் தாங்கள் விட்ட கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லலாம். 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் பின் ஒரு சிகரெட்டையும் நான் வாயில் வைக்கவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சிகரெட்டை விடுவதற்கென்று வாங்கிய ஒரு சிறிய கருவி நாலு வருடம் என்னைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. இந்நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் எம்மவர்களில் யாருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். நான் சாதாரண தரத்துடன் பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பின்கதவு

ஊரில் நான் சிகரெட் பிடித்ததில்லை. 2012 இல் லண்டன் வந்து, அடுத்த வருடம் விசா கிடைத்தபின் ஓர் உணவுப் பொதியிடும் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். குளிர் அறை. கையுறைக்குள்ளேயே விரல் விறைக்கும். பாஷை தெரியாது. நள்ளிரவில் சிலர் மட்டும் பத்து நிமிடம் பின்கதவால் வெளியே போவார்கள். அவர்கள் சிகரெட் பிடிப்பவர்கள். மற்றவர்கள் பெட்டி அடுக்கிக்கொண்டே நிற்போம். ஒருநாள் எங்கள் அண்ணை ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"உதிலை நிண்டு என்ன செய்யப்போறாய் தம்பி, வெளியாலை வா."

அந்தப் பின்கதவில்தான் எனக்கு அறை வாடகைக்குக் கிடைத்தது. சட்டத்தரணி யாரிடம் போவது, காசு அனுப்ப எந்தக் கடை நல்லது, எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் அறிந்துகொண்டவைதான். முதல் சிகரெட் அந்தப் பேச்சுக்குக் கொடுத்த கூலி. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் எவருக்கும், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும், இருபது நிமிட இடைவேளை சட்டப்படி உண்டு என்பதை நான் அறிந்தபோது நாளொன்றுக்குப் பத்து சிகரெட் பிடிப்பவனாகி இருந்தேன்.

2017 மே மாதத்துடன் பத்து சிகரெட் கொண்ட பெட்டிகளை விற்பது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. இருபதுதான் வாங்கவேண்டும் என்றானது. இருபதை வாங்கினால் இருபதும் முடிந்தது. அப்போது மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

"நீங்கள் கிட்ட வந்தாலே எனக்கு ஓங்காளமாக் கிடக்கு. பிள்ளை பிறந்த பிறகும் உதோடையே தூக்கப்போறியளோ?"

மருந்துக்கடையில் கேட்டு, தோலில் ஒட்டும் நிக்கொட்டின் ஒட்டுகளைப் பாவித்துப் பார்த்தேன். மூன்று கிழமையில் பழையபடி பின்கதவுக்குப் போனேன். பிறகு கூட வேலைசெய்த போலந்துக்காரர் ஒருவர் பேனை போன்ற ஒரு வேப் கருவியைத் தந்தார். இரண்டு கிழமையில் சிகரெட் நின்றது.

அது எனக்கு மட்டும் நடந்த அதிசயமல்ல. 2019 இல் இங்கிலாந்தில் 886 பேரிடம் செய்து வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஒரு வருடத்தின் பின்னும் சிகரெட் இல்லாமல் இருந்தோர் வேப் பாவித்தவர்களில் 18 வீதம். ஒட்டு, சூயிங்கம் முதலியவற்றைப் பாவித்தவர்களில் 9.9 வீதம். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அப்படி விட்டவர்களில் பெரும்பாலானோர் வருட முடிவிலும் வேப்பை விடவில்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

இந்தக் கருவியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். அவரும் புகைப்பவர். தகப்பனார் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். 2003 இல் உரிமை பதிந்து, அடுத்த வருடம் சீனாவில் விற்பனைக்கு வந்தது. வேலைசெய்யும் முறை எளிது. ஒரு பற்றரி. ஒரு சிறிய கம்பிச் சுருள். அதன் நடுவே பஞ்சுத் திரி. திரி ஊறி நிற்கும் திரவத்தில் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல், வாசனை, நிக்கொட்டின் ஆகியவை இருக்கும். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும். புகையிலை எரியாதபடியால் தாரும் காபன் மொனொக்சைட்டும் இல்லை. அதனால்தான் சிகரெட்டைவிடக் கேடு குறைவு என்கிறார்கள். கேடே இல்லை என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை.

பேனை போன்ற கருவி ஆறு மாதம் போதுமாக இருந்தது. ஒருநாள் அதன் சுருள் எரிந்துபோனது. கடைக்காரப் பெடியன் புதுச் சுருளைப் போட்டுக்கொண்டே, "இதை நீங்களே சுத்தலாம் அண்ணை" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைதான்!

கம்பி வாங்கினேன். கன்தால் என்று பெயர். திருகாணிச் செலுத்தியில் ஆறு சுற்றுச் சுற்றி, ஓம் மீற்றரில் அளந்தேன். 0.5 ஓம். பற்றரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ற். 4.2 ஐ 0.5 ஆல் பிரித்தால் 8.4 அம்பியர். அதை 4.2 ஆல் பெருக்கினால் சுமார் 35 வோற். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் பெயில். இங்கே, குசினி மேசையில், இரவு வேலை முடிந்து வந்து காலை ஏழு மணிக்கு அது எனக்கு விளங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிறவனுக்கும் மூளை இருக்கிறது என்று அன்றுதான் நம்பினேன்.

அதன் பின் நின்றேனா? பற்றரி ஒன்று போடும் பெட்டி, இரண்டு போடும் பெட்டி, மரப்பிடி வைத்தது, செம்பில் செய்தது. அவற்றின் மேலே பூட்டுகிற தாங்கிகள் வேறு. புதிது வந்தால் பழையது பிடிக்காது. கருவிகளை வரிசையாக அடுக்கித் துணியால் துடைப்பேன். மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சிகரெட்டை விட்டியள் எண்டு சந்தோசப்பட்டன். இப்ப அதுக்குக் கோயில் கட்டிறியள்."

அம்மா கிளிநொச்சியிலிருந்து வீடியோவில் பேசும்போது ஆவியைக் கண்டுவிட்டு, "என்ன தம்பி, ஆவி பிடிக்கிறியோ, தடிமனோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கொப்பிக் கணக்கு

மனைவிக்குத் தெரியாமல் பார்சல்களை நண்பனின் விலாசத்துக்கு எடுப்பித்தேன். அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஒளித்துச் செய்கிற பொழுதுபோக்கு பொழுதுபோக்கல்ல.

2021 இல் மூன்று விடயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதலாவது, வேலையில். மேலதிகப் பற்றரி ஒன்றைக் காற்சட்டைப் பையில் திறப்புக் கோர்வையோடு போட்டிருந்தேன். உடைமாற்றும் அறையில் திடீரெனத் தொடை கொதித்தது. திறப்பு பற்றரியின் இரு முனையையும் தொட்டு மின்சாரம் பாய்ந்துவிட்டது. இழுத்துச் சீமெந்து நிலத்தில் எறிந்தேன். சீறிக்கொண்டு புகைந்தது. உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அது வீட்டில், பிள்ளை படுக்கும் அறையில் நடந்திருந்தால்?

இரண்டாவது, பிள்ளை. மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் திரவம் கலந்துவிட்டு மூடாமல் வைத்த போத்தலைக் கையில் எடுத்து மணந்துகொண்டு நின்றாள். ஸ்ரோபெரி வாசம். நல்லகாலம், மனைவி கண்டாள். நிக்கொட்டின் நஞ்சு. சிறுபிள்ளைக்குச் சிறிதளவே ஆபத்து. போத்தலுக்குப் பிள்ளைகள் திறக்கமுடியாத மூடி போட்டு விற்கிறார்கள். அந்த மூடியைத் திறந்து வைத்தவன் நான்.

மூன்றாவது, அன்றிரவு. மனைவி ஒன்றும் பேசாமல் என் லாச்சியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். வீட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்தாள். நான் விலை சொல்ல அவள் எழுதினாள். பெட்டிகள் 11, சராசரி 45 பவுண் வீதம் 495. தாங்கிகள் 17, சராசரி 25 வீதம் 425. பற்றரிகளும் சார்ஜரும் 120. கம்பி, பஞ்சு, ஆயுதங்கள் 90. மொத்தம் 1,130 பவுண். திரவம் வேறாக மாதம் 54. கூட்டி முடித்துவிட்டுப் பேனையை வைத்தாள்.

"மாமின்ரை கண்ணுக்கு எவ்வளவு கேட்டவை?"

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தனியார் வைத்தியசாலையில் விரைவாகச் செய்யலாம் என்றார்கள். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, தைப்பொங்கல் கழியட்டும்" என்று சொல்லியிருந்தேன். இரண்டு தைப்பொங்கல் கழிந்துவிட்டது. வீடியோவில், "உன்ரை முகம் புகாராத் தெரியுது" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நான் ஆவியைக் கையால் கலைத்துவிட்டு, "இப்ப தெரியுதோ?" என்று கேட்டிருக்கிறேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நானும் ஒரு கணக்குப் போட்டேன். தொடக்கத்தில் 18 மில்லிகிராம் திரவத்தில் நாளுக்கு 2 மில்லிலீற்றர். பதினெட்டு இரண்டு 36 மில்லிகிராம். பிறகு பலம் குறைத்துவிட்டேன் என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொன்ன 3 மில்லிகிராம் திரவத்தைப் பெரிய கருவியில் நாளுக்கு 12 மில்லிலீற்றர் குடித்தேன். பன்னிரண்டு மூன்று அதே 36. நாலு வருடத்தில் நான் ஒரு அடிகூட இறங்கவில்லை. செலவுதான் ஏறியிருந்தது.

இறங்கிய படி

பத்துப் பெட்டிகளையும் தாங்கிகளையும் பாதி விலைக்குக் குறைவாக விற்றேன். அந்தக் காசோடு இரண்டு மாத மேலதிக வேலைக் காசையும் சேர்த்து அம்மாவுக்கு அனுப்பினேன். மிஞ்சியது பழைய பேனை போன்ற சிறிய கருவி ஒன்று. நாளுக்கு 2 மில்லிலீற்றர் என்று அளவு கட்டி, 12, 6, 3, கடைசியில் நிக்கொட்டின் இல்லாதது என்று மாதக்கணக்கில் இறங்கினேன். இரண்டு முறை வழுக்கி மேலே ஏறினேன். 2023 இல் அதுவும் நின்றது.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அது சிகரெட்டையும் தேடவில்லை, ஆவியையும் தேடவில்லை. கழற்றிப் பூட்ட ஏதாவது தேடியது. எனக்கு இருந்தது நிக்கொட்டின் பசி மட்டுமல்ல, படிக்காமல் விட்ட பசியும்தான் என்று பிந்தித்தான் விளங்கியது. இப்போது கிழமையில் இரண்டு மாலை ஆங்கிலமும் கணக்கும் படிக்கப் போகிறேன். மின்சார வேலை பழக அவை வேண்டும். ஓம் மீற்றரை மட்டும் நான் விற்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு

சிகரெட் பிடிக்காதவர்கள் இதைத் தொடவேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது 2015 முதல் இங்கிலாந்தில் குற்றம். பிள்ளைகளின் புத்தகப் பையில் பழ வாசம் வந்தால் ஏசாமல் முதலில் கேளுங்கள். ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை விற்பது 2025 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் தடை. யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

சிகரெட்டை விட விரும்புகிறவர்கள் தனியே போராட வேண்டியதில்லை. உங்கள் வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டால் புகைத்தலை நிறுத்த உதவும் இலவச சேவைக்கு அனுப்புவார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வேப் பாவிப்பதென்றால் முதல் நாளே ஒரு முடிவுத் திகதியும் எழுதி வையுங்கள். சட்டப்படி திரவம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பலமாக இருக்கக்கூடாது, தாங்கி 2 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளக்கூடாது. பலத்தை மட்டும் பார்க்காமல் அளவையும் பெருக்கிப் பாருங்கள். 2026 ஒக்டோபர் 1 முதல் 10 மில்லிலீற்றருக்கு 2 பவுண் 20 பென்ஸ் வரி என்றும் அரசு அறிவித்தது.

பற்றரியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கள். காசு, திறப்போடு ஒருபோதும் வேண்டாம். பழுதானதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மீள்சுழற்சிக்குக் கொடுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோகலாம். அதிலும் கவனம்: இந்தியாவில் 2019 சட்டப்படி இறக்குமதியும் விற்பனையும் குற்றம், முதல் முறைக்கே ஒரு வருடச் சிறை வரை போகலாம். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். கோயில் பயணம் போகிறவர்கள் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு முதல் கண் 2022 மாசியில் செய்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று வீடியோவில் வந்தார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் உன்ரை முகம் வடிவாத் தெரியுது தம்பி. என்ன, உப்பிடி மெலிஞ்சுபோனாய்?"

அந்தக் கருவி மேசையில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.