கரடியும் நந்தியும்

பிறர் மகிழ்ந்திருக்கும் வேளையைக் கெடுப்பவருக்கு ஆங்கிலத்தில் பெயர்கள் பல. 'கில்ஜாய்' என்றால் மகிழ்ச்சியைக் கொல்பவர். 'ஸ்பாயில்ஸ்போர்ட்' விளையாட்டைக் கெடுப்பவர். தீயை அணைக்க அதன்மேல் போர்த்தும் ஈரக் கம்பளிதான் 'வெட் பிளாங்கெட்'. உற்சாகத்தை அணைக்கும் ஆளுக்கும் அதுவே பெயராயிற்று. இவை அந்த ஆள் என்ன செய்தார் என்பதைச் சொல்கின்றன. தமிழ் வழக்கு பெரும்பாலும் அவர் எப்போது வந்தார், எங்கே நின்றார் என்று பார்க்கிறது.

'சிவபூஜையில் கரடி' இதற்குச் சரியான சான்று. இரண்டு பேர் மனம்விட்டுப் பேசும்போது மூன்றாமவர் வந்து உட்கார்ந்தால் அவர் கரடி. இந்தியில் இதே ஆள் 'கபாபில் எலும்பு'. இந்தக் கரடி விலங்கே அல்ல, கரடிகை என்னும் வாத்தியம் என்று ஒரு விளக்கம் உண்டு. கரடிகை உண்மையில் இருந்த தோற்கருவிதான்; சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தரும் கருவிப் பட்டியலில் அதன் பெயர் வருகிறது. ஆனாலும் விளக்கம் பொருந்தவில்லை. வாத்தியம் முழங்கினால் பூசை சிறக்குமே தவிரக் கெடாது. கண்மூடி அமர்ந்தவர் முன் காட்டுக்கரடி வந்து நின்றால்தான் பழமொழிக்கு உயிர்.

இடத்தை அடைத்துக் கெடுப்பவருக்கு வைக்கோல் போர் நாய் என்று பெயர்; அது ஈசாப் பெயரில் வழங்கும் கதையில் வருவது. தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது.

நந்தியின் கதை வேறு. சிவாலயங்களில் பிரதோஷ மாலையில் நந்திக்குத்தான் சிறப்பு. அபிஷேகம் முடிந்ததும் அதன் கொம்புகளுக்கு நடுவே சிவனைக் காண்பது வழக்கம். வீட்டிலோ, டிவியை மறைக்கும் பிள்ளைக்கு 'நந்தி மாதிரி குறுக்க நிக்காத' என்று ஏச்சு விழும்.

இந்த ஏச்சுக்குப் பின்னால் இருப்பது நந்தனார் கதை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியதை, 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. திருப்புன்கூர்க் கோயிலில் உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற நந்தனாரின் பார்வையை நந்தி மறைத்தது. சிவன் சொல்ல, விலகியது. அவரை வெளியே நிறுத்தியது சாதி. பழிச்சொல் மட்டும் நந்தியின் தலையில் விழுந்தது. அந்தக் கோயிலில் நந்தி இன்றும் சன்னதிக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கியே இருக்கிறது.