மூன்று சொற்களில் ஒரு வரம்பு

2016-ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் பண மதிப்பிழப்பு அமளியிலேயே கரைந்துபோனது. அந்தக் கூச்சலுக்கிடையே கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய மிகச் சில மசோதாக்களுள் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதாவும் ஒன்று. டிசம்பர் 14-இல் மாநிலங்களவையும் 16-இல் மக்களவையும் ஒப்புதல் அளித்தன.

விவாதத்தில் எண்களே முன்னின்றன. குறைபாடுகளின் வகைகள் 7-இலிருந்து 21 ஆயின. அரசுப் பணி இடஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது. 2014-இல் அறிமுகமான வரைவில் அது 5 ஆக இருந்ததை இன்று பலரும் மறந்துவிட்டனர். இவை முக்கியமானவைதாம். ஆயினும் பொருளியல் பயின்றவன் என்ற முறையில் என் கண் நிலைத்தது சமூகப் பாதுகாப்பைப் பற்றிய 24-ஆம் பிரிவில்தான். அரசு தன் 'பொருளாதார ஆற்றலின் வரம்புக்குள்' திட்டங்களை வகுக்கும் என்கிறது அப்பிரிவு.

இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையும் நிதி நிலையைப் புறக்கணிக்கவில்லை. ஆனால் கைவசமுள்ள வளங்களை உச்ச அளவுக்குப் பயன்படுத்தி இவ்வுரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது. உச்ச அளவு என்பது அரசை மேலே தள்ளும் சொல். வரம்பு என்பது அதைக் கீழே நிறுத்தும் சொல். வரம்பு எது என்பதை நிதித்துறையே தீர்மானிக்கும்.

விளைவைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடையோருக்கு மத்திய அரசு தரும் மாத ஓய்வூதியம் 300 ரூபாய். 2012-இல் நிர்ணயித்த தொகை அது. மாநிலங்கள் தம் பங்குக்குக் கூடுதலாகத் தருகின்றன என்பது உண்மை. மத்திய அரசின் தொகை மட்டும் அசையவில்லை. விலைவாசியோ இடைப்பட்ட காலத்தில் இரு மடங்கை நெருங்கிவிட்டது. என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. அதற்குப் பொருளாதார ஆற்றல் உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பிறருக்கான ஒத்த திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்க வேண்டும் என்று அதே 24-ஆம் பிரிவு கூறுகிறது. கைம்பெண்களுக்கான மத்திய ஓய்வூதியமும் 300 ரூபாய்தான். அதை அளவுகோலாகக் கொண்டால் மாற்றுத்திறனாளிக்கு 375 ரூபாயாவது சேர வேண்டும். சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பின்னும் அந்த 75 ரூபாய் வந்து சேரவில்லை.

சட்டம் திட்டவட்டமாகப் பேசிய இடத்தில் நிலைமை வேறு. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்று 45-ஆம் பிரிவு காலக்கெடு விதித்தது. கெடு 2022-இல் கடந்துபோனது உண்மையே. எனினும், சட்டம் கட்டாயமாக்கியதை விதிகள் வெறும் பரிந்துரையாகத் தளர்த்த முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் அளித்தது. பற்றிக்கொள்ள ஒரு பிடி இருந்ததால் நீதிமன்றத்தால் அது முடிந்தது.

24-ஆம் பிரிவுக்கும் அப்படியொரு பிடி வேண்டும். வரம்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு உடன்படிக்கையின் 'உச்ச அளவு' என்பதைச் சேர்க்கலாம்; உதவித்தொகையை நுகர்வோர் விலைக் குறியீட்டோடு பிணைக்கலாம். இரண்டுக்கும் ஒரு சிறு திருத்த மசோதா போதும்.