கடைவீதி மாறும் காலம் – 7: வெல்லத்தின் எடையும் லாபத்தின் கணக்கும்

சென்ற வாரம் இளம்பிள்ளைச் சேலைகள் கைப்பேசித் திரையின் வழியாக ஊர் ஊராக விலைபோகும் விதத்தைப் பார்த்தோம். சேலை எடை குறைந்த சரக்கு. மடித்து ஓர் உறைக்குள் வைத்துவிட்டால் பல நூறு ரூபாய் பெறுமானமுள்ள பொருள் சொற்பச் செலவில் கன்னியாகுமரிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எடை மிகுந்ததும் விலை குறைந்ததுமான ஒரு பண்டத்தை நம்பி ஒரு சிறு குடும்பம் இணையத்தில் கடை விரித்தால் அதற்கு லாபம் கிட்டுமா என்ற கேள்விக்கு விடை தேட விரும்புகிறவர்கள், காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்துக்குத்தான் வரவேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட அல்லாள இளையநாயகர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ராஜ வாய்க்கால் இவ்வூர்ப் படுகை அணையிலிருந்து புறப்பட்டு, பரமத்தி வேலூர்ப் பக்கத்து வயல்களையெல்லாம் நனைத்துச் செல்கிறது. கரும்பும் வாழையும் வெற்றிலையும் அந்த நீரின் பிரசாதங்கள். கரும்பு விளையும் இடத்தில் ஆலைக் கொட்டகைகளும் இருக்கின்றன. கரும்புச் சக்கை எரியும் அடுப்பின்மேல், அகன்ற கொப்பரையில் சாறு கொதிக்கிறது. சுண்ணாம்பு நீர் விட்டவுடன் அழுக்கு திரண்டு நுரையோடு மேலெழ, அதை ஓயாமல் வழித்தெடுக்கிறார்கள். ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்த பிறகே அது மரத்தொட்டிக்கு இறக்கப்படுகிறது. உருட்டினால் உருண்டை வெல்லம். அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம். மரக்கட்டையால் தேய்த்துப் பொடித்தால் நாட்டுச் சர்க்கரை. 100 கிலோ கரும்பு இத்தனை உழைப்புக்கும் பிறகு ஏறத்தாழ 10 கிலோ வெல்லமாகிறது.

இந்த வெல்லம் 30 கிலோ சிப்பங்களாகக் கட்டப்பட்டு அருகிலுள்ள பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகிறது. அந்தச் சந்தையை இகழ்வதற்கில்லை. கொட்டகை முழுவதன் சரக்கையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் சக்தி அதற்கு மட்டுமே உண்டு. ஆனால் ஏலத்தில் கண்தான் விலையைத் தீர்மானிக்கிறது. மஞ்சள் பளபளப்புள்ள வெல்லத்துக்கு மதிப்பு ஏறுகிறது. கலப்பில்லாமல் காய்ச்சியதனாலேயே பழுப்பேறிய வெல்லம் பின்தங்கிவிடுகிறது. பாகில் வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதும், நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸைத் தூவுவதும், உணவுப் பாதுகாப்புத் துறையினர் இப்பகுதிக் கொட்டகைகளை அடிக்கடி சோதனையிட நேர்வதும் இந்த நிற மோகத்தின் விளைவுகளே ஆகும்.

நாணயமாகக் காய்ச்சுகிறவனுக்கு, தன் சரக்கின் குணத்தைத் தானே எடுத்துச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் இணையக் கடை அளிக்கிறது. முகம் அறியாத தொலைதூர வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்புவது நம் நாட்டுக்குப் புதிய விஷயமும் அன்று; 1877இல் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்த காலம் முதல், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலைப் பெற்றுக்கொண்டவர்கள் நம் முன்னோர்கள். இன்று மாறியிருப்பது வேகமும், விளம்பரத்தின் வீச்சும், யு.பி.ஐ. வழியே கட்டணமின்றிப் பணம் வந்து சேரும் சௌகரியமுமே.

இனி லாபத்துக்கு வருவோம். விலைகள் நாளுக்கு நாள் மாறுமாதலால், ஓர் உதாரணமாக மட்டும் இதை வைத்துக்கொள்வோம். சுத்தமான வெல்லம் கொட்டகையில் கிலோ 60 ரூபாய்க்கு அடங்குகிறது; இணையத்தில், அனுப்பும் செலவையும் சேர்த்து, 130 ரூபாய்க்கு விற்கிறது. ஒரு கிலோ பார்சலுக்குக் கூரியர் 60 ரூபாயும் பெட்டி, உள்ளுறை, ஒட்டு நாடா ஆகியவற்றுக்கு 15 ரூபாயும் போனால், 5 ரூபாய் நட்டம். அதே வெல்லம் ஐந்து கிலோவாகப் போகும்போது வரவு 650. சரக்கு 300, கூரியர் 150, பெட்டி 35 போக, 165 ரூபாய் மிஞ்சுகிறது. விலையை 100 ரூபாயாகக் குறைத்துப் போட்டியிடப் புகுந்தாலோ அந்த மிச்சம் 15 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. பொருளைக் கொடுத்துப் பணம் பெறும் முறையில் அனுப்பிய ஐந்து கிலோ பார்சல் ஒன்று, வாங்குபவர் மனம் மாறியதனால் திரும்பி வந்துவிட்டால், போகவர 300 ரூபாயும் பெட்டிச் செலவும் சேர்ந்து இரண்டு நல்ல பார்சல்களின் லாபத்தை விழுங்கிவிடும். மழைக்காலத்தில் வெல்லம் ஈரத்தை இழுத்துக் கசியும் சுபாவமுடையது. உள்ளுறையைச் சரியாக ஒட்டாத பெட்டி, சேருமிடம் சேரும்போது அடியில் நனைந்து பிசுபிசுத்திருக்கும். அதற்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் பலரும் எழுதாமல் விடுவது கூலி. இரவு பத்து மணிக்குக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் மகளுக்கும், பெட்டி கட்டும் மனைவிக்கும், பார்சல்களை வண்டியில் ஏற்றிப் பரமத்தி வேலூருக்குக் கொண்டுபோகும் மகனுக்கும் கூலி போட்டுப் பார்த்த பிறகு மிஞ்சுவதே லாபம். அதற்கு முன் மிஞ்சுவது அவர்களுடைய உழைப்பின் விலை.

சட்டத்தையும் சிறிது அறிந்திருப்பது அவசியம். எவ்வளவு சிறிய உணவு வியாபாரமானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். பொட்டலமிட்டு முகப்புச்சீட்டு ஒட்டிய வெல்லத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் அடங்கும் சிறு வியாபாரி தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் அந்த வரிப் பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் முதல், பெரிய இணையச் சந்தைகளின் வழியாக மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கும் நிபந்தனைகளுடன் இச்சலுகை கிடைத்திருக்கிறது. சென்னைக்கு அனுப்புகிறவரையில் கவலையில்லை. பெங்களூருக்கு அனுப்பத் தொடங்கினால் பதிவு செய்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. தரகரைத் தவிர்த்துவிட்டோம் என்பதனால் மட்டும் இணையக் கடையில் லாபம் வந்துவிடாது; தரகருக்குப் போன பணம் கூரியருக்கும் விளம்பரத்துக்கும் போய்விடும். சந்தையில் விலை கிடைக்காத சுத்தத்துக்கு இங்கே விலை கிடைக்கும்போதுதான் லாபம் பிறக்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர், முதல் முறை வாங்கியவர் அல்லர். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டு வாங்குகிறவர். அப்படிப்பட்ட குடும்பங்கள் சிலநூறு சேர்ந்துவிட்டால் விளம்பரச் செலவு குறையும், திரும்பி வரும் பார்சல் குறையும், கடை தன் காலில் நிற்கும். அதுவரை கொட்டகைச் சரக்கின் பெரும்பகுதியைச் சந்தைக்கே அனுப்பி, சிறந்த ஒரு பங்கை மட்டும் இணையத்துக்கு ஒதுக்குவதே விவேகம்.

கடை தொடங்க எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐந்து கிலோவுக்குக் குறைத்து அனுப்பாதீர்கள், முன்பணம் பெற்று அனுப்புங்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை வெல்லத்தைச் சோதித்து, அந்தச் சான்றை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள், வீட்டாரின் கூலியைக் கணக்கில் எழுதுங்கள். வாங்குகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: பழுப்பு நிற வெல்லத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அந்த நிறத்துக்கு நீங்கள் உரிய விலை கொடுத்தால்தான் ஜேடர்பாளையத்தில் கலப்பில்லாத கொப்பரை தொடர்ந்து கொதிக்கும்.

(தொடரும்)