பழைய காரைப் புதுப்பித்தல்

1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு, பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்குப் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவர் பெயரால் கோவையில் 2015-இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் பழங்கார்கள் புதியனபோல் நிற்கின்றன. அத்தகைய காரைப் புதுப்பிக்கும் வேலை முதலில் வகுத்த திட்டத்திற்குள் அடங்குதல் அரிது. ஏன்? காரின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை மறைத்து நிற்கிறது. புதுவண்ணம் பூசவேண்டிப் பழம்பூச்சைச் சுரண்டினால், உள்ளே துரு தோன்றும். துருவேறிய தகட்டை வெட்டிப் புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். தீப்பற்றாதிருக்க, அருகிலுள்ள இருக்கைகளையும் மின்கம்பிகளையும் கழற்ற வேண்டும். பல்லாண்டு வெப்பத்தில் இறுகிய கம்பியின் ரப்பர் உறையோ, வளைத்தவுடன் பொடிந்துவிடும். இனிக் கம்பிகள் அனைத்தும் புதியன வேண்டும்! ஆதலின் தேர்ந்த தொழிலாளர், காரை முழுதும் பிரித்துப் பார்க்குமுன் செலவைக் கூறத் தயங்குவர். பொருள் போதாமல் இடையில் கைவிடப்பட்ட கார், உறுப்புகள் சிதறிப் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேரும்.