செயின் இழுபடுவதில்லை, தேய்கிறது

அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “செயின் அடிக்கடி லூசாகுது, டைட் வெச்சா போதுமா?” போதாது. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

செயின் இழுபட்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். ஸ்ப்ராக்கெட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணி மடங்கி நிமிர்கிறது. பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. எண்ணெய் வற்றி மணல் புகுந்தால் தேய்மானம் வேகமெடுக்கும். கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் என்றாலும், 110 கண்ணியில் 11 மில்லிமீட்டர் கூடிவிடும்.

அப்படி நீண்ட செயின், பழைய அளவுக்கு வெட்டிய பற்களில் சரியாக உட்காராது. பல்லின் நுனிப்பக்கம் ஏறி நிற்கும். இழுவை எல்லாப் பற்களுக்கும் பங்காகாமல் ஒன்றிரண்டு பற்களின் மேலேயே விழும். பல் ஒரு பக்கம் குழிந்து கொக்கியாக வளைவது இதனால்தான். அந்தக் கொக்கியில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே கெடும். காசு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றும் ஒரே செட்டாக வர வேண்டும். முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால், முன்பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு வேலை செய்கிறது. கவருக்குள் ஒளிந்திருக்கும் அதைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. என்ஜினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடும்போது செயின் பக்கம் விரலும் வேண்டாம், துணியும் வேண்டாம். விரலையே பறிகொடுத்தவர்கள் உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அளந்தே பார்க்கலாம்: நம் சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின், கண்ணி இடைவெளி 12.7 மில்லிமீட்டர். செயினை விறைப்பாகப் பிடித்து 21 பின்களை எண்ணி, முதல் பின் மையத்திலிருந்து கடைசிப் பின் மையம் வரை ஸ்கேல் வைத்தால் புதிதில் 254 வரும். 259-ஐ நெருங்கினால் மாற்றிவிடுங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி நாலைந்து இடத்தில் தொய்வையும் பாருங்கள். ஓரிடத்தில் டைட், ஓரிடத்தில் லூஸ் என்றால் தேய்மானம் சீராக இல்லை.

சக்கரத்தைக் கழற்றும்போது ஹப் ரப்பரையும் பாருங்கள். கியர் மாற்றும்போது ‘டக்’கென்று உதைப்பதற்குப் பல சமயம் அதுதான் காரணம், பழி செயினுக்கு.

மாட்டும்போது லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தொய்வு, வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி. ஆள் உட்கார்ந்து பின்சக்கரம் மேலெழும்போது செயின் இன்னும் இறுகும். முன்பே முறுக்கி வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும், அப்போது ஒருமுறை அட்ஜஸ்ட் செய்து, இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.